சின்னச் சக்கரம், கண்ணுக்குத் தெரியாத வேலி

2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸ் நாட்டின் தலைநகர் பாரிஸில் ஓட்டுப்பதிவு. மேயரையோ கவுன்சிலரையோ தேர்ந்தெடுக்கும் தேர்தல் இல்லை அது. வாடகைக்குக் கிடைக்கும் மின்சார ஸ்கூட்டர்கள் இனி ஊருக்குள் இருக்கலாமா, கூடாதா என்று மக்களிடமே கேட்டுவிட்டார் மேயர் ஆன் இடால்கோ. ஓட்டுப் போட வந்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். பட்டியலில் இருந்தவர்களோ 13 லட்சத்துக்கும் மேல். வந்தவர்களில் 89 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் முடிவதற்குள் வாடகை ஸ்கூட்டர்கள் எல்லாம் பாரிஸ் தெருக்களை விட்டுப் போய்விட்டன.

பெட்ரோல் கேட்காது, புகை விடாது, சத்தம் போடாது. அப்படி ஒரு குட்டி வண்டி மேல் இத்தனை கோபம் எதற்கு? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். வண்டிக்குள் இருக்கும் இயற்பியலைத் தெரிந்துகொண்டால் அந்தக் கோபமும் புரியும், நகரங்கள் போட்ட சட்டங்களும் புரியும்.

ஸ்கூட்டர் என்றதும் உங்கள் அம்மா உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதில் சீட் கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். கால் வைக்க நீளமாக ஒரு பலகை. முன்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு, அதன் உச்சியில் ஹேண்டில்பார். பலகைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சின்னச் சக்கரம். பலகையின் வயிற்றுக்குள் லித்தியம் அயனி பேட்டரி. மோட்டார் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

இந்த வண்டிகளைத் தெருவில் நிறுத்திவைத்து, போனில் செயலி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம் என்ற வியாபாரம் 2017இல் அமெரிக்காவின் சான்டா மோனிகா நகரில் தொடங்கியது. தொடங்கிய நிறுவனத்தின் பெயர் பேர்ட். ஹேண்டில்பாரில் இருக்கும் கட்டம்கட்டமான க்யூஆர் குறியைப் போனில் படம் பிடித்தால் பூட்டு திறக்கும். போய்ச் சேர்ந்ததும் இறங்கிவிடலாம். வண்டியை எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாரிஸுக்கு இது 2018 ஜூனில் வந்தது, லைம் என்ற நிறுவனத்தின் மூலமாக. அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய பன்னிரண்டு நிறுவனங்கள், சுமார் 20,000 வண்டிகள். எத்தனை வண்டி வரலாம், எங்கே நிறுத்தலாம், எவ்வளவு வேகம் போகலாம் என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்திருக்கவில்லை. வண்டி முதலில் வந்துவிட்டது. விதிகள் பின்னாலேயே ஓடி வந்தன. பாரிஸின் தொல்லைகளுக்கெல்லாம் வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் சக்கரத்தைப் பார்ப்போம். சைக்கிள் சக்கரத்தின் விட்டம் 65 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். இந்த ஸ்கூட்டரின் சக்கரமோ 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். அதனால் என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு சோதனை செய்து பாருங்கள். மேஜை மேல் ஒரு பென்சிலை உருளாதபடி இரண்டு முனையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலியான பெரிய பால் பவுடர் டின் ஒன்று, சின்ன மாத்திரை டப்பா ஒன்று. இரண்டையும் படுக்கவைத்து, பென்சிலைத் தொட்டபடி நிறுத்தி, பின்னாலிருந்து விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். டின் சுலபமாக ஏறிப் போய்விடும். மாத்திரை டப்பா பென்சிலை முட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் அழுத்தினால் துள்ளி விழும்.

காரணம் வடிவியல். பெரிய சக்கரம் தடையைக் கீழ்ப்பக்கத்திலேயே தொடுகிறது. அதனால் தடை அதை மேல் நோக்கித் தூக்கிவிடுகிறது. சின்னச் சக்கரத்துக்கோ அதே தடை ஏறக்குறைய முன்பக்கத்தில் வந்து மோதுகிறது. அது தூக்குவதைவிடத் தடுப்பதுதான் அதிகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் மேல் 40 கிலோ பாரம் இருக்கிறது, எதிரே 3 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தள்ளி ஏற்ற, 66 சென்டிமீட்டர் விட்டமுள்ள சைக்கிள் சக்கரத்துக்குச் சுமார் 18 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 20 சென்டிமீட்டர் ஸ்கூட்டர் சக்கரத்துக்கு 40 கிலோவுக்கும் சற்று அதிகமாக வேண்டும். தடையின் உயரம் சக்கரத்தின் ஆரத்துக்குச் சமமாகிவிட்டால், அதாவது 10 சென்டிமீட்டர் ஆகிவிட்டால், முன்னோக்கி எவ்வளவு தள்ளினாலும் அந்தச் சக்கரம் ஏறவே ஏறாது. அதன் கண்ணுக்கு அது சுவர். பாரிஸிலோ கருங்கல் பாவிய பழைய தெருக்கள் நிறைய. சைக்கிள்காரர் ‘தடதட’ என்று கடந்து போகிற இடத்தில் ஸ்கூட்டர் சட்டென்று நின்றுவிடும்.

வண்டி நின்றுவிட்டது, சரி. மேலே நிற்கிறவர்? பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் ‘சடக்’ என்று பிரேக் போட்டால் உங்களுக்கு என்ன ஆகுமோ அதுதான் அவருக்கும் ஆகும். காலை வண்டி நிறுத்திவிட்டது, உடம்பின் மேல்பகுதியை யாரும் நிறுத்தவில்லை. நிற்கும் ஒருவரின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். பலகையின் உயரத்தையும் சேர்த்தால் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வரும். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் உடல் முன்சக்கரத்துக்கு நன்றாகப் பின்னால் இருக்கிறது. ஸ்கூட்டரில் அந்த இடைவெளி குறைவு. உயரம் அதிகம், முன்சக்கரம் பக்கத்தில். அதனால் முன்னே கவிழ்வது எளிது. கவிழ்ந்தால் முதலில் தரையைத் தொடுவது கை, முகம், தலை. ஹெல்மெட் வேண்டும் என்று சொல்வது அதனால்தான். ஆனால் வாடகை வண்டிக்காக யார் நாள் முழுக்க ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? வாடகை முறையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சிக்கல் இது.

அடுத்தது வேகம். பிரான்ஸ் 2019 அக்டோபரில் நாடு முழுவதற்கும் சட்டம் போட்டது. உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஒரு வண்டியில் ஒருவர்தான். நடைபாதையில் ஓட்டக் கூடாது, மீறினால் 135 யூரோ அபராதம். ஓட்டுபவருக்குக் குறைந்தது 12 வயது. ஜெர்மனியும் அதே ஆண்டு சட்டம் போட்டது. அங்கே உச்ச வேகம் 20தான். லண்டனில் 2021இல் சோதனை முயற்சியாக வாடகை ஸ்கூட்டர் வந்தபோது அங்கும் 20தான்.

ஐந்து கிலோமீட்டரில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று தோன்றும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை மறந்துவிடாதீர்கள். 25ஐ 25ஆல் பெருக்கினால் 625. 20ஐ 20ஆல் பெருக்கினால் 400. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் மோதும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது! மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவர் சுவரில் மோதுவது, கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். உங்கள் வீட்டு வாசற்கதவைவிட உயரம் அது. வேகம் 10 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் 40 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பதையும் பாருங்கள். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 7 மீட்டர் போயாயிற்று. பிறகு வண்டி நிற்க இன்னொரு 8 மீட்டர். மொத்தம் 15. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நாலு மீட்டரில் அடங்கிவிடும். நடைபாதையில் 15 மீட்டர் காலி இடம் எங்கே கிடைக்கும்? நடைபாதையில் ஓட்டாதே என்ற விதி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

வாடகை வசூலிக்கும் முறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் நிமிடக் கணக்கில்தான் காசு. சிவப்பு விளக்கில் நின்றாலும் மீட்டர் ஓடும். நடந்து போகிறவர்களுக்காக வேகத்தைக் குறைத்தாலும் ஓடும். நிதானமாக ஓட்டுபவர் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கிலோமீட்டர் கணக்கில் வசூலித்தால் அவசரத்துக்கு ஒரு காரணம் குறையும்.

2020இல் பாரிஸ் நகராட்சி மூன்று நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றுக்கும் 5,000 வண்டிகள், மொத்தம் 15,000. நிலைமை சீராகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 2021 ஜூனில், சேன் நதிக்கரைப் பாதையில் இத்தாலியைச் சேர்ந்த 31 வயதுப் பெண் ஒருவர் மீது ஸ்கூட்டர் மோதியது. அவர் நடந்துகொண்டிருந்தவர். ஸ்கூட்டரில் இருவர் இருந்தார்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்ட அவர் பிழைக்கவில்லை. ஒருவருக்காகச் செய்த வண்டியில் இருவர் ஏறினால் எடை கூடுகிறது, நிற்கப் பிடிக்கும் தூரமும் கூடலாம், ஹேண்டில்பாரைத் திருப்புவதும் கடினமாகிறது. ‘ஒரு வண்டியில் ஒருவர்’ என்ற விதி காகிதத்தில் இருந்தது. வண்டிக்கு அது தெரியாது.

இதற்குப் பிறகுதான் நகராட்சி வண்டிக்கே விதியைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னது. கூட்டம் அதிகமுள்ள நூற்றுக்கணக்கான இடங்களில், பள்ளிகளைச் சுற்றி, பூங்காக்களில், கடைவீதிகளில், வாடகை ஸ்கூட்டர் தானாகவே மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைந்துவிட வேண்டும். ஓட்டுபவர் என்ன முயன்றாலும் வேகம் கூடாது. தெருவில் கோடும் இல்லை, கம்பியும் இல்லை. வண்டிக்கு எப்படித் தெரிகிறது?

ஒவ்வொரு வாடகை ஸ்கூட்டருக்குள்ளும் ஒரு ஜிபிஎஸ் ஏற்பியும், போனில் இருப்பது போன்ற ஒரு சிம்மும் இருக்கின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இன்னது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்தால், செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் வண்டி தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும்.

இடம் தெரிந்தால் போதுமா? அந்த இடம் வேலிக்கு உள்ளேயா, வெளியேயா என்று தெரிய வேண்டும். வேலி என்பது வரைபடத்தில் சில புள்ளிகளை வரிசையாக இணைத்து வரைந்த ஒரு வடிவம், அவ்வளவுதான். பல கோணல் மூலைகள் இருக்கலாம். கண்ணால் பார்த்தால் நமக்குச் சட்டென்று தெரியும். கண் இல்லாத கணினி என்ன செய்யும்? அதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி இருக்கிறது. ஒரு தாளில் எவ்வளவு கோணலாக வேண்டுமானாலும் ஒரு மூடிய வடிவம் வரையுங்கள். கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. எங்காவது ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து தாளின் விளிம்பு வரை ஒரே நேர்கோடு இழுங்கள். அந்தக் கோடு வேலியை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. ஏனென்றால் ஒவ்வொரு முறை வேலியைத் தாண்டும்போதும் உள்ளே இருந்தவர் வெளியே போகிறார், வெளியே இருந்தவர் உள்ளே வருகிறார். கடைசியில் தாளின் விளிம்பில், அதாவது கண்டிப்பாக வெளியே, நிற்கிறோம். கோடு வேலியின் மூலையை உரசிக்கொண்டு போனால் மட்டும் கணக்குக் குழம்பும். கோட்டைக் கொஞ்சம் சாய்த்து இழுத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கணக்கைக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் போட்டுவிடும்.

உள்ளே என்று தெரிந்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் குறைகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலியைத் தொட்டதும் ‘டக்’ என்று வேகத்தைப் பிடுங்கிவிட்டால், நாம் மேலே பார்த்தபடி ஓட்டுபவர் முன்னால் போய் விழுவார். அதனால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்த வேலிக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. ஒரு வினாடியைப் பத்துக் கோடிக் கூறுகளாக்கினால், அதில் ஒரே ஒரு கூறு நேரத்துக்குள் ஒளி 3 மீட்டர் ஓடிவிடும். நேரக் கணக்கில் அவ்வளவு சிறிய பிசகு வந்தாலே தூரத்தில் 3 மீட்டர் தவறு. பாரிஸில் தெருவின் இருபக்கமும் ஆறேழு மாடிக் கட்டடங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. செயற்கைக்கோளின் செய்தி சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வந்தால் கூடுதல் நேரம் ஆகும். வண்டி தான் இருக்கும் இடத்தைச் சில மீட்டர் தள்ளிப் புரிந்துகொள்ளும். ஒரு பூங்காவுக்குள் இருக்கிறோமா என்று கண்டுபிடிக்க இது போதும். சாலையில் போகிறோமா, அதை ஒட்டிய இரண்டு மீட்டர் அகல நடைபாதையில் போகிறோமா என்று கண்டுபிடிக்கப் போதாது. மக்களுக்கு எரிச்சல் மூட்டிய இந்த நடைபாதை ஓட்டத்தைத்தான் ஜிபிஎஸ்ஸால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. சில நிறுவனங்கள் வண்டியில் கேமரா வைத்து நடைபாதையை அடையாளம் காண முயன்றன.

வண்டியை நிறுத்திவைப்பதிலும் தொல்லை உண்டு. நடைபாதைக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கும் ஒரு ஸ்கூட்டரை நீங்களும் நானும் சுற்றிக்கொண்டு போய்விடுவோம். பார்வையற்ற ஒருவர் வெள்ளைக் கோலால் தரையைத் தட்டிக்கொண்டு வருகிறார் என்று நினைத்துப் பாருங்கள். நேற்று இல்லாத இடத்தில் இன்றைக்கு ஒரு வண்டி. கோல் பலகைக்கு அடியில் நுழைந்துவிடும், ஹேண்டில்பார் நெஞ்சில் வந்து இடிக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சுற்றிப் போக இடமே இருக்காது. நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்க வேண்டும். ஸ்கூட்டரைப் பற்றிய புகார்களில் இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். விழுந்தால் அடிபடும் என்று தெரிந்தே ஓட்டுபவர் ஏறுகிறார். நடந்து போகிறவர் எந்த வாடகைக்கும் கையெழுத்துப் போடவில்லை.

2022இல் பாரிஸில் மின் ஸ்கூட்டர்களும் அவை போன்ற சிறு வண்டிகளும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 3 பேர் இறந்தார்கள், 459 பேர் காயமடைந்தார்கள். அந்தக் கணக்கில் சொந்த வண்டிக்காரர்களும் உண்டு. ஓட்டெடுப்பு தடுத்தது வாடகை வண்டியை மட்டுமே. சொந்த ஸ்கூட்டர்கள் இன்றும் பாரிஸில் ஓடுகின்றன. அவற்றுக்கு நகராட்சி வரைந்த வேலி தெரியாது, பள்ளிக்கூடம் பக்கத்தில் தானாக வேகம் குறையாது. அந்த 2023ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் ஓட்டுபவரின் குறைந்த வயதை 12இலிருந்து 14 ஆக்கியது.

எல்லா ஊரும் பாரிஸ் வழியில் போகவில்லை. நார்வேயின் ஆஸ்லோவில் 2021இல் வாடகை வண்டிகளின் எண்ணிக்கையை 8,000 என்று கட்டுப்படுத்தினார்கள். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை வாடகைக்கு விடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இரவில்தான் அதிகம். லண்டனில் வாடகை ஸ்கூட்டரின் முன்விளக்கும் பின்விளக்கும் பகலிலும் எரிந்தபடியே இருக்க வேண்டும். சத்தம் இல்லாத வண்டியைக் கண்ணாவது கண்டுகொள்ளட்டும் என்பதற்காக.

தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் 2019 நவம்பரில் மின் ஸ்கூட்டர்களை நடைபாதையில் ஓட்டுவதையே தடை செய்தார்கள். சைக்கிள் பாதைகளில் மட்டும் ஓட்டலாம். வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது, அகலம் 70 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் 25. தரம் குறைந்த பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது தீப்பிடித்து வீடுகள் எரிந்ததால், தீப்பாதுகாப்புச் சோதனையில் தேறிய வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. ஓட்ட விரும்புபவர்கள் விதிகளைப் பற்றிய எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். வாடகை ஸ்கூட்டர் நடத்த உரிமம் கேட்டு நிறுவனங்கள் அனுப்பிய விண்ணப்பங்களை 2020இல் சிங்கப்பூர் நிராகரித்துவிட்டது.